ஷார்ட் இன்டரஸ்ட் 25 சதவீதம்: எதில் 25?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பட்டியலான ஒரு டெக் பங்கின் ஷார்ட் இன்டரஸ்ட் (கடன் வாங்கி விற்று, இன்னும் திருப்பி வாங்கித் தராத பங்குகளின் அளவு) ஒரு தளத்தில் 14 சதவீதம், இன்னொன்றில் 25, மூன்றாவதில் 35 என்று காட்டுகிறது. எதை நம்புவது? ஃப்ளோட் (சந்தையில் கை மாறக்கூடிய பங்குகள்) சிறியது, அதனால் ஷார்ட் ஸ்க்வீஸ் (ஷார்ட் செய்தவர்கள் நெருக்கடியில் திருப்பி வாங்க, விலை எகிறுவது) நிச்சயம் என்கிறார்களே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று தளமும் தப்பில்லாமல் கணக்குப் போட்டிருக்கலாம். ஷார்ட் செய்யப்பட்ட பங்குகளின் எண்ணிக்கை எல்லாருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. அதை எதால் வகுக்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. ஆகவே சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனியாக எடுங்கள். கீழே உள்ள எண்ணை நீங்களே போடுங்கள். அதற்குப் பிறகு ஷார்ட் செய்திருப்பது யார், அவர்களை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்வீஸ் பற்றிய பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

மேல் எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபின்ரா என்ற சுயகட்டுப்பாட்டு அமைப்பின் விதி 4560-இன்படி, புரோக்கர்கள் தங்கள் கணக்குகளில் உள்ள ஷார்ட் நிலுவையை மாதம் இருமுறை தெரிவிக்க வேண்டும்: 15-ஆம் தேதியையும் மாதத்தின் கடைசி வேலை நாளையும் செட்டில்மென்ட் (விற்ற பங்கும் பணமும் கை மாறும்) தேதியாக வைத்து. 15 விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாள். அறிக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு ஏழாவது வேலை நாளில் வரும். 2024 மே 28 முதல் அமெரிக்காவில் விற்றதற்கு மறு வேலை நாளில் செட்டில்மென்ட் என்பதால், 15-ஆம் தேதி விற்றது அந்தக் கணக்கில் வராது. 14 வரை விற்றதுதான் வரும். நீங்கள் பார்க்கும் எண் வெளியான அன்றே ஒன்றரை வாரப் பழசு. அடுத்தது வருவதற்குள் மூன்றரை வாரப் பழசாகிவிடும். நடுவில் காலாண்டு முடிவு வந்து பங்கு 30 சதவீதம் ஏறியிருந்தால், அதில் எத்தனை பேர் ஏற்கெனவே கவர் செய்துவிட்டு, அதாவது பங்கைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, போனார்கள் என்பது அந்த எண்ணில் இருக்காது. எந்தத் தளமாக இருந்தாலும் சதவீதத்தின் பக்கத்தில் செட்டில்மென்ட் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

தினமும் வெளியாகும் ஷார்ட் வால்யூமை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். "இன்று நடந்த வியாபாரத்தில் 48 சதவீதம் ஷார்ட்" என்று பதறுவதில் அர்த்தமில்லை. நீங்கள் வாங்க ஆர்டர் போடும்போது, மார்க்கெட் மேக்கர் (எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்பவர்) கையில் பங்கு இல்லாமலேயே முதலில் உங்களுக்கு விற்றுவிட்டு, சில நொடிகளில் வேறு இடத்தில் வாங்கிச் சரிக்கட்டுவார். அந்த முதல் விற்பனை ஷார்ட் என்றே பதிவாகும். மாலையில் அவர் கையில் ஷார்ட் நிலுவை பூஜ்யமாக இருக்கலாம். எந்தப் பெரிய பங்கை எடுத்தாலும் இந்த விகிதம் 40, 50 என்று நிற்பது சாதாரணம். தவிர, ஃபின்ரா கோப்பில் எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நடந்த வியாபாரம் மட்டுமே இருக்கும்.

இனி கீழ் எண். கற்பனையாக ஒரு மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பங்குகள் 12 கோடி. அதில் ஏ வகுப்பு 9 கோடி. இதுதான் சந்தையில் வியாபாரமாவது. பி வகுப்பு 3 கோடி. பங்கு ஒன்றுக்கு 10 ஓட்டு, நிறுவனர்களிடம் இருக்கிறது, பட்டியலிடப்படவே இல்லை. ஏ வகுப்பில் 1.8 கோடி, இயக்குநர் குழுவில் ஆள் வைத்திருக்கும் ஒரு வென்ச்சர் நிதியிடம். அதிகாரிகள், இயக்குநர்கள் வைத்திருப்பது 40 லட்சம். ஐபிஓ முடிந்து நான்கு மாதமே ஆகியிருப்பதால் ஊழியர்களின் 1.8 கோடிப் பங்குகள் இன்னும் லாக்-அப்பில் (குறிப்பிட்ட காலம் விற்கத் தடை). மிச்சம் 5 கோடி. இதுதான் உண்மையில் கை மாறக்கூடிய ஃப்ளோட். ஷார்ட் நிலுவை 1.25 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 12 கோடியால் வகுத்தால் 10.4 சதவீதம். ஏ வகுப்பின் 9 கோடியால் வகுத்தால் 13.9. உண்மையான ஃப்ளோட்டால் வகுத்தால் 25. சில தரவு நிறுவனங்கள் 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் எல்லாரையும் உள்வட்டம் என்று கருதிக் கழித்துவிடும். இண்டெக்ஸ் நிதிகளிடம் இருக்கும் 1.4 கோடியும் அப்படிப் போனால் ஃப்ளோட் 3.6 கோடியாகி, சதவீதம் 34.7 ஆகிவிடும். கடைசியாகச் சொன்ன இந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. வான்கார்ட், பிளாக்ராக் போன்ற நிறுவனங்களின் நிதிகள் பங்கை வாடகைக்கு விடுவதில் முன்னணியில் நிற்பவை. ஷார்ட் செய்பவர்களுக்குப் பங்கு வந்து சேர்வதே பெருமளவு அவர்களிடமிருந்துதான். அவர்களைக் கழித்துவிட்டால், கடனாகக் கிடைக்கும் பங்குகளையே கணக்கிலிருந்து நீக்கியதாகிவிடும்.

இந்த 5 கோடியை நீங்களே கண்டுபிடிக்க என்ன பார்க்க வேண்டும்? மொத்தப் பங்குகளுக்கு, கடைசியாக வந்த 10-கியூ (காலாண்டு) அல்லது 10-கே (ஆண்டு) அறிக்கையின் அட்டைப் பக்கம். அங்கே வகுப்பு வாரியாக, குறிப்பிட்ட தேதியிட்டு எண்ணிக்கை இருக்கும். உள்வட்டத்துக்கு, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன் வரும் பிராக்ஸி அறிக்கையில் உள்ள உரிமையாளர் அட்டவணை. அதற்குப் பிறகு அவர்கள் வாங்கி விற்றது படிவம் 4-இல் வரும். ஐபிஓ புதிது என்றால் எஸ்-1 என்ற வெளியீட்டுப் பதிவு ஆவணத்தில் "எதிர்காலத்தில் விற்பனைக்குத் தகுதி பெறும் பங்குகள்" என்ற பகுதி. லாக்-அப் எப்போது, எத்தனை பங்குக்கு விலகுகிறது என்று அதில் எழுதியிருக்கும்.

அந்த உரிமையாளர் அட்டவணையில் ஒரு குழி உண்டு. 60 நாட்களுக்குள் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய ஆப்ஷன்களையும் ஊழியர் பங்குகளையும் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதாகவே சேர்த்துக் காட்டுவார்கள். டெக் நிறுவனங்களில் இது சின்னத் தொகை இல்லை. நிர்வாகத் தலைவரின் பெயருக்கு நேரே 60 லட்சம் என்றிருக்கும். அடிக்குறிப்பைப் படித்தால் அதில் 45 லட்சம் ஆப்ஷன் என்றிருக்கும். அதை அப்படியே மொத்தப் பங்குகளிலிருந்து கழித்தால், இன்னும் பிறக்காத பங்கைக் கழித்ததாகிவிடும். ஃப்ளோட் தேவையில்லாமல் சுருங்கி, சதவீதம் வீங்கும். பி வகுப்பை ஏ வகுப்பாக மாற்றினால் எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லும் அட்டவணைகளிலும் இதே சிக்கல். அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: 10-கே அட்டையில், நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்கள் வைத்திருக்கும் பங்குகளின் சந்தை மதிப்பு டாலரில் தரப்பட்டிருக்கும். அது நிதியாண்டின் இரண்டாம் காலாண்டின் கடைசி வேலை நாளுக்கானது. அந்த மதிப்பை அன்றைய முடிவு விலையால் வகுத்தால், யார் வெளியார் என்று நிறுவனமே கருதிய எண்ணிக்கை கிடைத்துவிடும். கொஞ்சம் பழசுதான். ஆனாலும் உங்கள் கணக்கு அதிலிருந்து வெகுதூரம் விலகினால் எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வெளிநாட்டு டெக் நிறுவனமாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அலிபாபாவின் ஒரு ஏடிஎஸ் (அமெரிக்காவில் வியாபாரமாகும் வைப்புச் சான்றுப் பங்கு) என்பது எட்டுச் சாதாரணப் பங்கு. டிஎஸ்எம்சி-யின் ஒரு ஏடிஎஸ் ஐந்து. ஷார்ட் நிலுவை ஏடிஎஸ் கணக்கில் வரும். மொத்தப் பங்குகள் சாதாரணப் பங்குக் கணக்கில் இருக்கும். மாற்றாமல் வகுத்தால் சதவீதம் எட்டில் ஒன்றாகக் குறைந்து தெரியும். பங்குப் பிரிப்பும் இப்படித்தான் ஏமாற்றும். என்விடியா 2024 ஜூனிலும் சூப்பர் மைக்ரோ 2024 அக்டோபரிலும் ஒன்றுக்குப் பத்து எனப் பிரித்தன. அந்தத் தேதியைத் தாண்டும்போது ஷார்ட் எண்ணிக்கையும் பத்து மடங்காகும். வரைபடம் செங்குத்தாக ஏறியிருக்கும், ஆனால் புதிதாக ஒருவரும் ஷார்ட் செய்திருக்க மாட்டார்கள்.

100 சதவீதத்துக்கு மேல் போவது எப்படி என்று கேட்பார்கள். உடனே "கள்ளப் பங்கு, நேக்கட் ஷார்ட்" (கடன் வாங்காமலே ஷார்ட் செய்வது) என்று பேச்சு கிளம்பும். அது தேவையே இல்லை. முதல் ஆள் தன் பங்கைக் கடன் கொடுக்கிறார். ஷார்ட் செய்பவர் அதை இரண்டாவது ஆளுக்கு விற்கிறார். வாங்கியவருக்கு அது கடன் பங்கு என்று தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அவருடைய புரோக்கர் அதையே மறுபடி கடன் கொடுக்கிறார். அது மூன்றாவது ஆளிடம் விற்கப்படுகிறது. பங்கு ஒன்று, ஷார்ட் நிலுவை இரண்டு. கூடவே, அந்தப் பங்கு தன்னிடம் இருப்பதாகக் காட்டும் உரிமையாளர்கள் மூவர். நிறுவன முதலீட்டாளர்களின் பங்கு 110 சதவீதம் என்று சில இடங்களில் பார்ப்பதற்கும் ஒரு காரணம் இதுவே. இதனால்தான் சிலர் ஷார்ட் எண்ணை ஃப்ளோட்டோடு கூட்டிவிட்டு, அந்தக் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் 1.25-ஐ 6.25-ஆல் வகுத்தால் 20 சதவீதம். இந்த முறையில் எண் 100-ஐத் தொடவே தொடாது. இரண்டு தளங்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் போட்டவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய ஃப்ளோட் விலையை என்ன பாடு படுத்தும் என்பதற்கு டெக் வரலாற்றில் பாம் நிறுவனத்தைவிட நல்ல பாடம் கிடையாது. கையடக்கக் கணினி செய்த பாம், த்ரீகாம் நிறுவனத்தின் பிள்ளை. 2000 மார்ச் 2 அன்று அதில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் வெளியே விற்றார்கள். மிச்சத்தை அந்த ஆண்டிலேயே த்ரீகாம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாக அறிவிப்பு. த்ரீகாம் பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாம் பங்கு. வெளியீட்டு விலை 38 டாலர். முதல் நாள் முடிவு 95.06. ஒன்றரையால் பெருக்கினால் 142 டாலருக்கு மேல். ஆனால் அதையும் கூடவே மற்றத் தொழிலையும் ரொக்கத்தையும் வைத்திருந்த த்ரீகாம் பங்கு அன்று முடிந்தது 81.81-இல்! பாமை ஷார்ட் செய்து த்ரீகாமை வாங்கினால் லாபம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கடனாகப் பாம் பங்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதங்களில் ஷார்ட் நிலுவை மெல்ல ஏறி ஃப்ளோட்டையே தாண்டியது. அந்த ஆண்டு ஜூலையில் மிச்சப் பங்குகள் பிரித்துக் கொடுக்கப்பட்டு ஃப்ளோட் பெருகும் வரை, பாமைக் கடன் வாங்குவது சிரமமாகவே இருந்தது. அங்கே அதிக ஷார்ட் சதவீதத்துக்குப் பிறகு விலை ஏறவில்லை. இறங்கியது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஆர்ம். 2023 செப்டம்பர் ஐபிஓவில் 51 டாலர் விலையில் சுமார் 10 சதவீதம் மட்டும் வெளியே வந்தது. 90 சதவீதம் சாஃப்ட்பேங்க் கையில். இப்படி ஒரு நிறுவனத்தில் மொத்தப் பங்குகளில் 1 சதவீத ஷார்ட் என்பது ஃப்ளோட்டில் 10 சதவீதம். 2024 பிப்ரவரியில் காலாண்டு முடிவு நன்றாக வந்ததும் ஒரே நாளில் 48 சதவீதம் அளவுக்கு ஏறியது. இரண்டு வியாபார நாள் கழித்து இன்னொரு 29. தூண்டியது முடிவுதான். அவ்வளவு பெரிதாக்கியதில் ஃப்ளோட்டுக்குப் பங்கு உண்டு.

அடுத்தது, ஷார்ட் செய்திருப்பது யார்? டெக் பங்குகளில் இதைக் கேட்காமல் விட்டால் பாதிக் கணக்கு தப்பாகும். காரணம் கன்வெர்ட்டிபிள் பத்திரம், அதாவது குறிப்பிட்ட விலையில் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம். லாபம் குறைந்த, வேகமாக வளரும் டெக் நிறுவனங்களுக்கு, குறைந்த வட்டியில் பணம் திரட்ட இது பிடித்த வழி. வாங்குபவர்களில் பெரும்பகுதி ஹெட்ஜ் நிதிகள். பத்திரத்தை வாங்கிய கையோடு பங்கை ஷார்ட் செய்வார்கள். நிறுவனம் மோசம் என்று நினைத்தா? இல்லை, பத்திரத்தில் உள்ள பங்கு அபாயத்தைக் கழிக்க. இதுதான் ஹெட்ஜ்.

நம் நிறுவனம் 50 கோடி டாலருக்கு இப்படிப் பத்திரம் வெளியிட்டிருக்கிறது, மாற்று விலை 50 டாலர், பங்கு இப்போது 40 டாலர் என்று கொள்வோம். 50 கோடியை 50-ஆல் வகுத்தால், பத்திரத்துக்குள் இருப்பது 1 கோடிப் பங்கு. பங்கு ஒரு டாலர் ஏறினால், உள்ளிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் பத்திர மதிப்பு 60 சென்ட் ஏறும் என்றால், ஹெட்ஜுக்குத் தேவை 60 லட்சம் ஷார்ட். பத்திரம் முழுவதும் அப்படிப்பட்டவர்களிடமே இருந்தால், 1.25 கோடியில் 60 லட்சம் அதற்கே போய்விட்டது. விலை இறங்கும் என்று நம்பி ஷார்ட் செய்தவர்கள் மிச்சம் 65 லட்சம். ஃப்ளோட்டில் 13 சதவீதம். "25 சதவீதம்" என்று ஆரம்பித்த பேச்சு இங்கே பாதியாகிறது.

இதைவிட முக்கியம், இவர்கள் நடந்துகொள்ளும் விதம் தலைகீழ். பங்கு ஏறினால் பத்திரம் பங்கைப் போலவே நகர ஆரம்பிக்கும். 60 சென்ட் 75 ஆகும். ஹெட்ஜுக்கு இன்னும் 15 லட்சம் ஷார்ட் செய்ய வேண்டும். விலை ஏறும்போது விற்பார்கள், இறங்கும்போது வாங்குவார்கள். ஏற்றத்தில் நஷ்டம் தாங்காமல் ஓடி வாங்க வேண்டிய நிலை இவர்களுக்கு இல்லை, ஏனென்றால் பத்திரத்தில் லாபம் வருகிறது. அறிக்கையில் பார்த்தால் "விலை ஏறியும் ஷார்ட் கூடுகிறதே, பிடிவாதக்காரர்கள், சிக்கப்போகிறார்கள்" என்று தோன்றும். முன்பு மைக்ரோஸ்ட்ராட்டஜி என்றிருந்த ஸ்ட்ராட்டஜி நிறுவனத்தின் ஷார்ட் எண்ணைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது. சரிபார்க்க எளிய வழி: ஷார்ட் எண்ணிக்கை சட்டென்று எகிறிய பதினைந்து நாட்களுக்குள் கன்வெர்ட்டிபிள் வெளியீடு பற்றிய 8-கே அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பங்குக்குப் பங்கு என்ற முறையில் இன்னொரு நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்த கம்பெனியிலும் இதே கதை: இணைப்புகளை வைத்து வியாபாரம் செய்பவர்கள், வாங்கப்போவதாக அறிவித்த அந்த நிறுவனத்தை ஷார்ட் செய்வார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் அந்த ஷார்ட் கரைந்துவிடும். புட் ஆப்ஷன் (குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை) விற்ற டீலர்களின் ஹெட்ஜும் இதே எண்ணுக்குள்தான் இருக்கிறது.

"கவர் செய்ய எத்தனை நாள்" என்ற கணக்கும் கீழ் எண்ணில்தான் ஏமாற்றும். ஷார்ட் நிலுவையைச் சராசரித் தினசரி வால்யூமால் வகுப்பது அது. கடந்த 20 வியாபார நாட்களில் சராசரி 50 லட்சம் என்றால் 2.5 நாள். ஆனால் அந்த 20-இல் காலாண்டு முடிவு வந்த ஒரு நாளில் மட்டும் 3.92 கோடி வியாபாரமாகி, மற்ற 19 நாளும் சராசரியாக 32 லட்சம்தான் என்றால்? அந்த ஒரு நாளை நீக்கினால் 3.9 நாள். அதுவும், மொத்த வால்யூமையும் ஷார்ட்காரர்களே வாங்குவதாக வைத்துப் போட்டது. விலையைத் தூக்காமல் வாங்க நினைப்பவர் நாளின் வால்யூமில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக மாட்டார். அப்படிப் பார்த்தால் நாளுக்கு 6.4 லட்சம், எல்லாரும் வெளியேற ஏறக்குறைய 20 வியாபார நாள். முடிவு வெளியான வாரத்தில் இந்த எண் திடீரெனக் குறைந்திருந்தால் ஷார்ட்காரர்கள் போய்விட்டார்கள் என்று எண்ணாதீர்கள். சராசரி வால்யூம் வீங்கியிருக்கும்.

இனி கட்டாயம். ஷார்ட் செய்தவரை இரண்டு வழிகளில்தான் நெருக்க முடியும்: மார்ஜின் (புரோக்கரிடம் கட்டி வைக்கும் பிணைப் பணம்), பங்குக் கடன்.

மார்ஜினைக் கணக்காகவே பாருங்கள். 40 டாலரில் 1,000 பங்கு ஷார்ட். விற்ற பணம் 40,000 கணக்கிலேயே இருக்கும். அமெரிக்க மத்திய வங்கியின் மார்ஜின் விதியான ரெகுலேஷன் டி-யின்படி மேலும் 50 சதவீதம், அதாவது 20,000 டாலர் போட வேண்டும். ஆக 60,000. அதன்பின் ஃபின்ரா விதியின் குறைந்தபட்சம், பங்கின் நடப்பு மதிப்பில் 30 சதவீதம் சொந்தப் பணமாக நிற்க வேண்டும். 60,000-ஐ 1.3-ஆல் வகுத்தால் 46,154. அதாவது பங்கு 46.15-ஐத் தாண்டினாலே புரோக்கர் பணம் கேட்பார். 15 சதவீத ஏற்றம்! நடுத்தர அளவுள்ள டெக் பங்குக்கு முடிவு வந்த மறுநாள் காலையில் இது சர்வசாதாரணம். கடன் கிடைக்கச் சிரமமான பங்குகளுக்குப் புரோக்கர்கள் 30-க்குப் பதில் 50, 100 என்று கேட்பதும் உண்டு. அப்போது இன்னும் முன்பே அழைப்பு வரும். ஆனால் இது சிறு வியாபாரியின் கதை. பெரிய நிதிகள் பல நிலைகளைச் சேர்த்து மார்ஜின் கட்டுவதால் ஒரு பங்கின் ஏற்றம் அவர்களை அவ்வளவு சீக்கிரம் அசைக்காது.

கடன் பக்கம்: கடன் கட்டணம் ஆண்டு விகிதத்தில் சொல்லப்படும், அன்றாட மதிப்பின்மேல் வசூலாகும். 60 சதவீதக் கட்டணத்தில் 40 டாலர் பங்கு 10,000 ஷார்ட் செய்திருந்தால், ஆண்டுக்கு 360 நாள் என்ற வழக்கப்படி நாளுக்கு சுமார் 667 டாலர். விலை இரட்டித்தால், விகிதம் மாறாமலே 1,333. வார இறுதிக்கும் சேர்த்து. எளிதாகக் கிடைக்கும் பெரிய பங்குகளில் இந்தக் கட்டணம் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். ஆகவே ஷார்ட் இன்டரஸ்ட் 25 என்று சொல்லும் ஒரு பங்கின் கடன் கட்டணம் அரை சதவீதம் என்றால், கடன் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பொருள்; நெருக்கடி இல்லை. நான் ஷார்ட் சதவீதத்தைவிடக் கட்டணத்தின் போக்கையே முதலில் பார்ப்பேன். அது அன்றன்றைக்குத் தெரியும். பல புரோக்கர்களின் திரையிலேயே கிடைக்கிறது. கூடவே, கடனுக்குக் கிடைக்கும் பங்கின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் ஒரு புரோக்கரிடம் பூஜ்யம் என்றால் சந்தையிலேயே பூஜ்யம் என்று அர்த்தமில்லை.

கடன் கொடுத்தவர் தன் பங்கை விற்க நினைத்தால் திரும்பக் கேட்கலாம். ஷார்ட் செய்தவர் வேறு இடத்தில் கடன் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வாங்கித்தான் தர வேண்டும். உரிய நாளில் பங்கைத் தராவிட்டால், ஷார்ட் விற்பனைக்கான விதித் தொகுப்பான ரெகுலேஷன் எஸ்ஹெச்ஓ-வின் விதி 204 புரோக்கரின் கழுத்தைப் பிடிக்கும். ஐந்து செட்டில்மென்ட் நாட்கள் தொடர்ந்து 10,000 பங்குக்குக் குறையாமலும், மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்குக் குறையாமலும் தராமல் நின்றால், பங்கு த்ரெஷோல்ட் பட்டியலில் (தராத பங்கு இந்த வரம்பைத் தாண்டியவை) ஏறும். எஸ்இசி (அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) வெளியிடும் அந்தத் தராத பங்குகளின் கோப்பைப் பலர் தினசரி எண் என்று நினைத்துக் கூட்டிவிடுகிறார்கள். அது அன்றைய மொத்த நிலுவை. இன்று 3 லட்சம், நாளை 3 லட்சம் என்றால் 6 லட்சம் அல்ல. ஷார்ட் அல்லாத விற்பனையில் தவறியதும் அதில் கலந்திருக்கும்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் கேம்ஸ்டாப் என்ற வீடியோ கேம் கடை நிறுவனத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாம். 2021 ஜனவரியில் அதன் ஷார்ட் இன்டரஸ்ட் 122 சதவீதத்துக்கு மேல் போனது உண்மை. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் எஸ்இசி ஊழியர்கள் வெளியிட்ட அறிக்கை, ஷார்ட் கவரிங் மொத்த வாங்கலில் சிறு பகுதியே, விலையை வாரக்கணக்கில் உயரத்தில் வைத்திருந்தது மற்றவர்கள் வாங்கியதுதான் என்கிறது. அதாவது அதிக ஷார்ட் என்பது காய்ந்த விறகு. பற்ற வைக்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். பொதுவாக எடுத்துக்கொண்டால் ஷார்ட் அதிகமுள்ள பங்குகள் பின்னால் சந்தையைவிட மோசமாகத்தான் போகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஸ்க்வீஸ் ஆனவை மட்டும் நம் நினைவில் தங்குகின்றன.

ஃப்ளோட் எப்போது கூடும், எப்போது குறையும் என்பதற்கு வருவோம், ஏனென்றால் சதவீதம் அசைவதற்கு ஷார்ட்காரர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. டெக் கம்பெனி அல்லாவிட்டாலும் வோக்ஸ்வாகனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2008 அக்டோபர் 26 அன்று போர்ஷே, தன்னிடம் 42.6 சதவீதப் பங்கும் 31.5 சதவீதத்துக்கான ஆப்ஷனும் இருப்பதாக அறிவித்தது. லோயர் சாக்சனி மாநிலத்திடம் 20 சதவீதம். மிச்சம் 6-க்கும் குறைவு. ஷார்ட் நிலுவையோ அதைப்போல இரண்டு மடங்கு. இரண்டே நாளில் பங்கு 1,000 யூரோவைத் தாண்டியது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எந்தப் பட்டியலைப் பார்த்திருந்தாலும் ஃப்ளோட் தாராளமாக இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

எதிர்த்திசையில் லாக்-அப். வழக்கமாக ஐபிஓ-விலிருந்து 180 நாள். நம் நிறுவனத்தில் ஊழியர்களின் 1.8 கோடி விடுபட்டதும் ஃப்ளோட் 6.8 கோடி, அதே 1.25 கோடி ஷார்ட் இப்போது 18.4 சதவீதம். ஒருவரும் கவர் செய்யவில்லை. விலை எந்தப் பக்கம் போகும் என்பதும் உறுதியில்லை. ஃபேஸ்புக்கில் 2012 ஆகஸ்ட் 16 அன்று 27 கோடிப் பங்கு விடுபட்டபோது விலை 6 சதவீதம் விழுந்தது. நவம்பர் 14 அன்று சுமார் 80 கோடி விடுபட்டபோது 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எல்லாருக்கும் தேதி முன்பே தெரியும், விழும் என்று பந்தயம் கட்டியவர்கள் அன்று வெளியேறினார்கள், கடன் பங்கும் தாராளமானது. ஸ்பேக் (முதலில் பணத்தைத் திரட்டிவிட்டு, பிறகு ஒரு நிறுவனத்தோடு இணையும் வெற்றுக் கம்பெனி) வழியாக வந்த டெக் நிறுவனங்களில் இது இன்னும் கொடுமை. பங்குதாரர்களில் பத்தில் ஒன்பது பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனால் ஃப்ளோட் நூலிழையாகும், விலை துள்ளும், தனியார் முதலீட்டாளர்களின் பங்குகளுக்கான மறுவிற்பனைப் பதிவு நடைமுறைக்கு வந்த நாளில் ஃப்ளோட் பல மடங்காகிவிடும்.

நிறுவனமே விற்பதும் உண்டு. விலை எகிறும்போது சந்தை விலைக்கே புதுப் பங்கு விற்கும் ஏடிஎம் திட்டம் கையில் இருந்தால், எந்த நிர்வாகமும் சும்மா இருக்காது. கேம்ஸ்டாப் 2021 ஏப்ரலில் 35 லட்சம், ஜூனில் 50 லட்சம் பங்குகளை இப்படி விற்றது. எஸ்-3 பதிவு (பின்னால் பங்கு விற்க முன்கூட்டியே செய்து வைப்பது) ஏற்கெனவே இருக்கிறதா, அதன்மேல் 424பி5 ஆவணம் (குறிப்பிட்ட விற்பனைக்கான விவரம்) வந்திருக்கிறதா என்று எஸ்இசி-யின் எட்கர் ஆவணத் தளத்தில் தேடிப் பாருங்கள். வெளியார் கையிலுள்ள பங்கின் மதிப்பு 7.5 கோடி டாலருக்குக் கீழே இருக்கும் சிறு நிறுவனம், அந்த எஸ்-3 வழியில் 12 மாதத்துக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விற்க முடியாது. ஆனால் விலை ஏறி அந்த மதிப்பு 7.5 கோடியைத் தாண்டிவிட்டால் கட்டுப்பாடு விலகிவிடும். அதாவது ஸ்க்வீஸ் தொடங்கி விலை ஏறியதே, அதை முடித்துவைக்கும் அளவுக்குப் பங்கு விற்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தந்துவிடலாம். எஸ்-3-இல் எவ்வளவு டாலருக்குப் பதிவு செய்திருக்கிறார்கள், அதில் இன்னும் விற்காமல் எவ்வளவு மிச்சம் என்ற எண்ணை ஃப்ளோட் கணக்கின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.